ஒன்பது எலி

ஜெராக்ஸ் கடைக்காரன் எதையும் படிக்கக் கூடாது. படித்தால் பிழைப்பு ஓடாது. செங்கல்பட்டில் கோர்ட்டுக்கு எதிர்ச் சந்தில் பத்தொன்பது வருடமாகக் கடை வைத்திருக்கிறேன். விவாகரத்து மனு, வில்லங்கச் சான்று, பத்தாம் வகுப்பு மார்க் ஷீட் என்று ஊரின் மொத்த ரகசியமும் என் கண்ணாடி மேல் குப்புறப் படுத்து எழுந்து போயிருக்கிறது. ஒன்றையும் நான் நிமிர்த்திப் பார்த்ததில்லை. இதைப் பெரிய யோக்கியதை என்று பல பேரிடம் பீற்றிக்கொண்டதும் உண்டு.

அன்று காலை எட்டே முக்காலுக்குக் கடையைத் திறந்து மிஷினைப் போட்டேன். உள்ளே பேப்பர் சிக்கியிருக்கிறது என்று சிவப்பு விளக்கு எரிந்தது. முந்தின நாள் சாயங்காலம் நண்பனின் நோட்டை இரண்டு செட் நகல் எடுத்தபோது கடைசியில் மாட்டிக்கொண்டது. மிச்சத்தைப் பழைய மிஷினில் முடித்துக் கொடுத்துவிட்டு, காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று ஷட்டரை இறக்கியிருந்தேன். இப்போது பக்கக் கதவைத் திறந்து, உருளைக்குள் விரலை விட்டு இழுத்தேன். விசிறி மடிப்பாக ஒரு தாள் வந்தது. சுருக்கத்தை நீவினேன். நீவினால் கண் சும்மா இருக்குமா?

நண்பனின் உருண்டைக் கையெழுத்து. "கேள்வி: பெரிய பாறைச் சிற்பத்தில் தவம் செய்யும் பூனையைச் சுற்றி எத்தனை எலி? பதில்: ஒன்பது. சொன்னது: ஜெராக்ஸ் மச்சான்." அதற்குக் கீழே கொட்டை எழுத்தில், இரண்டு கோடு போட்டு: "இது எந்த புக்கிலும் இல்லை. இன்டர்வியூவில் கட்டாயம் சொல்லணும்."

எந்தப் புத்தகத்திலும் இருக்காதுதான். ஒன்பது எலி என் சொந்தத் தயாரிப்பு. ஒரு ஞாயிற்றுக்கிழமை டீக்கடைக்கு நடந்து போகிற வழியில் செய்தது.

இன்டர்வியூ அன்றைக்குத்தான். மாமல்லபுரத்தில், பத்தரை மணிக்கு. சுற்றுலா வழிகாட்டி அட்டைக்காக. நண்பன் ஆறரை மணி பஸ்ஸிலேயே போய்விட்டான்.

கடிகாரத்தைப் பார்த்தேன். ஒன்பதாக ஐந்து நிமிடம்.

நண்பன் யார் என்று சொல்லிவிடுகிறேன். பள்ளிக்கூடத்திலிருந்து பழக்கம். இருபத்தைந்து வருடம் சுற்றுலா வேன் ஓட்டியவன். வேடந்தாங்கல், மாமல்லபுரம், கடப்பாக்கத்துக் கோட்டை என்று வெள்ளைக்காரர்களையும் குஜராத்திக் குடும்பங்களையும் ஏற்றி இறக்கினான். போன வருடம் சர்க்கரை கண்ணுக்கு ஏறியது. ஓரத்தில் வருகிற வண்டி தெரியவில்லை. இனி ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நாற்பத்தொன்பது வயதில் அவனுக்குத் தெரிந்த வேலை வேறு எதுவும் இல்லை. இத்தனை வருடம் வேனுக்கு வெளியே நின்று, மற்ற கைடுகள் பேசியதைக் கேட்டிருக்கிறான், அவ்வளவுதான். அதை வைத்து வழிகாட்டிப் பயிற்சியில் சேர்ந்தான். முடித்தான். இன்டர்வியூவில் தேறினால் அட்டை. அட்டை கிடைத்தால் வேலை. தவறவிட்டால் அடுத்த தேர்வு எப்போது நடக்கும் என்று யாருக்கும் தெரியாது.

எங்கள் கேள்வி பதில் விளையாட்டைத் தொடங்கி வைத்ததும் அவன்தான். கண் நன்றாக இருந்த காலத்தில் ஒரு நாள், கடற்கரைச் சாலையில் ஒரு ஓட்டல் வாசலில் வேனைப் போட்டுக் காத்திருந்தானாம். திரும்பி வந்து எனக்கும் வாத்தியாருக்கும் சொன்னான். வாத்தியார் எங்கள் மூன்றாவது ஆள். அரசுப் பள்ளியில் கணக்கு எடுக்கிறவன்.

"உள்ள பார்ல ஒருத்தன் மைக்க வெச்சிகினு கேள்வி கேக்கறான் மச்சான். டேபிள் டேபிளா உக்காந்து பீரு குடிச்சிகினு பதில் எழுதறானுங்க. நம்மாளு நாலு பீரு போட்டா அவன் பேரே அவனுக்கு வராது. இவனுங்க மங்கோலியா தலைநகரம் இன்னான்றானுங்க."

மூன்று பேருக்குமே அது பிடித்துப்போனது. பீரை விட்டுவிட்டு மிச்சத்தை எடுத்துக்கொண்டோம். ஞாயிற்றுக்கிழமை காலை, கொளவாய் ஏரியைப் பார்த்த டீக்கடை. ஆளுக்கு ஐந்து கேள்வி. வாத்தியாரின் ஹெல்மெட்டைக் கவிழ்த்துப் பிடித்து மூன்று போனையும் அதற்குள் போட்டுவிடுவோம். மூன்றாவது வாரமே சண்டை வந்தது. திமிங்கிலத்தின் நாக்கு எத்தனை கிலோ என்பதற்கு, ஆட்டம் முடிந்து எடுத்துப் பார்த்த இரண்டு போன் இரண்டு விதமாகச் சொல்ல, வாத்தியாரும் வேன்காரனும் ஒரு வாரம் பேசிக்கொள்ளவில்லை. அதிலிருந்து ஒரு சட்டம் போட்டோம். கேள்வி கேட்டவன் சொன்னதுதான் பதில். வீட்டுக்குப் போயும் யாரும் தேடிப் பார்க்கக் கூடாது. மானம் இருக்கிறவன் பார்க்க மாட்டான்.

அவர்கள் இரண்டு பேருக்கும் மானம் இருந்தது. எனக்கு இருந்தது வேறு. சனிக்கிழமைகளில் கடையில் கூட்டம் நெரியும். கேள்வி தேட நேரம் இருக்காது. முதல் தடவை வெறுங்கையோடு போனபோது, ஏரியில் நின்ற ஒரு நாரையைப் பார்த்துக் கேட்டேன்: "வேடந்தாங்கலுக்கு வர்ற நாரை தரையில இறங்கும்போது எந்தக் கால மொதல்ல வெக்கும்?" இருவரும் அரை மணி நேரம் யோசித்தார்கள். வலது கால் என்றேன். "பாத்தியா, நம்ம மாதிரியே" என்று வாத்தியார் நெகிழ்ந்துபோனான். கல்யாணமாகி இருபது வருடம் ஆனவனுக்கு, வாயைப் பிளந்துகொண்டு தன் பேச்சைக் கேட்கும் இரண்டு முகம் கிடைத்தால் எப்படி விடுவான்? அடுத்த வாரம் கோட்டை கட்டிய சுண்ணாம்பில் நாற்பதாயிரம் முட்டை கலந்தேன். அதற்கடுத்து எலி வந்தது.

வேன்காரன் ஒவ்வொரு வாரமும் பதில்களை ஒரு நீள நோட்டில் எழுதிக்கொள்வான். யார் சொன்னது என்பதையும் ஓரத்தில் குறிப்பான். நான் அதை ஏதோ பொழுதுபோக்கு என்று நினைத்திருந்தேன். அவனுக்கு அது பாடப்புத்தகம் ஆகிவிட்டது என்பது எனக்குத் தெரியாது. நேற்று நகல் எடுக்கும்போதுகூட நான் படிக்கவில்லையே. பழக்கதோஷம்.

போன் போட்டேன். ஸ்விட்ச் ஆஃப். உள்ளே போவதற்கு முன்பே போனை வாங்கி வைத்துவிடுவார்கள் என்று அவன் சொன்னது ஞாபகம் வந்தது. வாத்தியாருக்குப் போட்டேன். ஸ்டாஃப் ரூமிலிருந்து ரகசியக் குரலில் பேசினான்.

"இன்னாடா, கிளாஸுக்குப் போவணும்."

"அந்த பூன எலி கேள்வி ஞாபகம் கீதா? ஒம்போது எலி?"

"ஆமா."

"அது நானா வுட்டது."

"அப்ப நார?"

"அதுவும்."

"நாப்பதாயிரம் முட்ட?"

"அதுவும்தான்."

"டேய், அத நான் ஒம்பதாங்கிளாஸ்ல கணக்காவே போட்டுட்டன்டா. ஒரு தட்டுல முப்பது முட்டைன்னா எத்தன தட்டுன்னு. மீதி வந்துச்சு. அப்பவே எனக்கு ஒறச்சிருக்கணும்." பிறகு குரல் மாறியது. "அவன் அத உள்ள சொல்லப் போறானா?"

"கட்டாயம் சொல்லணும்னு ரெண்டு கோடு போட்டு எழுதி வெச்சிகிறான்."

"எங்க கீற நீ?"

"கடையில."

"கடையில இன்னாடா பண்ற? போடா."

அதற்குப் பிறகுதான் போக வேண்டும் என்பதே எனக்குத் தோன்றியது. அதுவரை நான் செய்த ஒரே உருப்படியான காரியம், அந்தத் தாளை மேலும் மேலும் நீவியதுதான்.

ஸ்கூட்டரை எடுத்தபோது மணி ஒன்பது ஐந்து. திருக்கழுக்குன்றம் வழியாகப் போனால் முக்கால் மணிக்கு மேல் ஆகும். சாலை சும்மா விடுமா? ஊர் தாண்டியதும் ஜல்லி ஏற்றிய டிப்பர் ஒன்று முன்னால் வந்து நின்றது. நின்றது என்றுதான் சொல்ல வேண்டும், அது ஓடிய வேகத்தை நடை என்றுகூடச் சொல்ல முடியாது. முந்தப் பார்த்தேன். எதிரே பஸ். மறுபடி பார்த்தேன். எதிரே மாடு. அந்த டிப்பரின் பின்பக்கத்தையே பார்த்தபடி, நண்பனிடம் எப்படிச் சொல்வது என்று ஒத்திகை பார்த்தேன். "மச்சான், ஒரு சின்ன விஷயம்." வேண்டாம். சின்ன விஷயம் என்று ஆரம்பித்த எதுவும் எங்கள் ஊரில் சின்னதாக முடிந்ததில்லை. "மச்சான், நான் ஒரு பொறம்போக்கு." இது பரவாயில்லை. ஆனால் அவனுக்கு ஏற்கனவே தெரிந்த தகவல்.

வேர்த்து ஊற்றியது. துடைத்துக்கொண்டே போனேன். மிஷினுக்குள் விட்ட விரல்களில் டோனர் மை அப்பியிருந்ததை மறந்தே போனேன். ஒவ்வொரு தடவை துடைக்கும்போதும் முகத்தில் கரி ஏறிக்கொண்டிருந்தது என்று பிறகுதான் தெரிந்தது. பாதி வழியில் காலைப் பார்த்தால், ஒரு காலில் என் செருப்பு. இன்னொரு காலில் இருந்தது யாருடையது என்று இன்று வரைக்கும் தெரியவில்லை. ஏதோ வாடிக்கையாளர் ஒருவர் அன்று ஒற்றைச் செருப்போடு கோர்ட்டுக்குப் போயிருக்கிறார்.

மாமல்லபுரத்துக்குள் நுழைந்தபோது பத்து பத்து. இன்டர்வியூ நடக்கும் கட்டடத்துக்குப் போகிற வழியில்தான் அந்தப் பாறை. அப்போது எனக்கு ஒரு யோசனை வந்தது. பயத்தில் வருகிற யோசனைக்கு மூளை தேவையில்லை. ஒருவேளை, நான் குருட்டாம்போக்கில் சொன்னது நிஜமாகவே ஒன்பதாக இருந்துவிட்டால்?

ஸ்கூட்டரை ஓரம் கட்டி, கம்பிவேலியில் முகத்தைப் பதித்து எண்ணினேன். பூனை தெரிந்தது. பின்னங்காலில் நின்று, கையைத் தூக்கி, விலா எலும்பு தெரியத் தவம். எலிகள்தான் பிரச்சினை. கிட்டத்தில் படிக்கும் கண்ணாடியைத்தான் கடையிலிருந்து போட்டுக்கொண்டு வந்திருந்தேன். போனை எடுத்து ஜூம் செய்தேன். எது எலி, எது கல்லின் புடைப்பு என்று தெரியவில்லை. முதல் தடவை ஒரு எண் வந்தது. இரண்டாம் தடவை வேறு எண். மூன்றாம் தடவை எண்ணும்போது ஒரு புது ஜோடி படம் எடுக்க முன்னால் வந்து நின்றது. மாப்பிள்ளை என் முகத்தைப் பார்த்துப் பெண்ணைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். மூன்று தடவையிலும் ஒன்பது மட்டும் வரவில்லை. ஆறு நிமிடம் போனதுதான் மிச்சம்.

இன்டர்வியூ ஒரு பழைய ஓட்டுக் கட்டடத்தில். வாசலில் பூவரச மரம், இரும்பு கேட், நீலச் சட்டை போட்ட காவல்கார அம்மா. பக்கத்துப் பட்டறைகளில் உளிச் சத்தம் இடைவிடாமல் கேட்டது. ஒவ்வொரு தட்டும் என் மண்டையில் விழுந்தது.

"இன்னா அண்ணாத்த, மூஞ்சில கரிய பூசிகினு வந்துகிற? வேஷமா?"

"அம்மா, உள்ள என் ஃபிரெண்டு கீறான். ஒரே ஒரு வார்த்த சொல்லணும்."

"உள்ள போனவங்ககிட்ட வெளிய இருந்து பேச்சு கெடயாது."

"வீட்டு விஷயம்மா."

"வூட்ல யாருக்காவது இன்னாவாவது ஆயிட்ச்சா?"

ஆம் என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரைக்கும் ஒரு அருமையான பொய் வந்தது, ஆஸ்பத்திரி, ஆக்சிஜன் எல்லாம் போட்டு. அந்த நிமிஷம்தான் எனக்கே என்மேல் பயம் வந்தது. இல்லை என்று தலையாட்டினேன்.

"சரி, எத்தனாவது நம்பரு?"

"பதினொண்ணு."

"இப்பதான் எட்டு உள்ள போவுது. பத்தரைக்குன்னு சொல்லி ஒம்போதுக்கே ஆரம்பிச்சிட்டாங்க."

இன்னும் இரண்டே பேர். அதற்கு மேல் அவன் உட்கார்ந்து, ஒன்பது எலி என்று பெருமையாகச் சொல்லிவிடுவான். பையிலிருந்த பில் புத்தகத்தைக் கிழித்து, மாமல்லபுரத்தைப் பற்றி நான் விட்டதை மட்டும் எழுதினேன். அவசரத்தில் எழுத்து என் பேத்தி எழுதியது போல் வந்தது. எனக்குப் பேத்தி கிடையாது. "மச்சான். பூனைக்கு ஒன்பது எலி பொய். பஞ்ச ரதத்துக் கல் யானைக்கு இடது காது மூன்று விரல் பெரியது என்பது பொய். கலங்கரை விளக்கம் முதலில் இலுப்பை எண்ணெயில் எரிந்தது பொய். மூன்றும் நான் விட்டது. சொல்லாதே." நான்காக மடித்து நீட்டினேன்.

"இத மட்டும் குட்துடும்மா."

அவர் சீட்டை வாங்கவில்லை. என்னை ஏற இறங்கப் பார்த்தார். "பிட்டா?"

"பிட்டு இல்லம்மா. பிட்டுக்கு நேர் எதிரு. பிட்டுல பதிலு இருக்கும். இதுல பதிலு தப்புன்னு இருக்கும்."

"இருவது வருசமா பரீட்ச ஹாலு வாசல்லதான் நின்னுகினு கீறேன். இந்த மாதிரி கத நான் கேட்டதில்ல. இது மேடம் கைக்குப் போச்சுன்னா உன் ஃபிரெண்ட இப்பவே எழுப்பி அனுப்பிடுவாங்க, தெரியுமா?"

அது எனக்குத் தோன்றவே இல்லை. காப்பாற்ற வந்தவன் காப்பி அடிக்க உதவ வந்தவனாகிவிடுவேன். சட்டென்று கையைப் பின்னுக்கு இழுத்தேன். அதற்குள் எனக்குப் பின்னால் ஒரு குரல் கேட்டது.

"என்ன சீட்டு அது?"

பருத்திப் புடவை, கழுத்துச் சங்கிலியில் தொங்கும் கண்ணாடி. எட்டாம் நம்பரை மற்றவர்களிடம் விட்டுவிட்டு, தண்ணீர் குடிக்க வெளியே வந்த தேர்வு அதிகாரி. கையை நீட்டினார். விழுங்கிவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தது உண்மை. பில் தாள் கொஞ்சம் கனம். கொடுத்துவிட்டேன்.

கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார். ஒரு தடவை. மறுபடி ஒரு தடவை. பிறகு என் கரி முகத்தை, இரண்டு விதச் செருப்பை, எல்லாவற்றையும் பார்த்தார்.

"காலைல நாலாம் நம்பர் வந்தாரு. பூனையைச் சுத்தி ஒன்பது எலின்னாரு. ஏழாம் நம்பர் வந்தாரு. அவரும் ஒன்பது எலி. எந்தப் புத்தகம்னு கேட்டா ரெண்டு பேரும் ஒரு நோட்டுன்னாங்க. நானும் எனக்குத் தெரியாம அப்படி ஒரு நோட்டு எதுன்னு மண்டையை ஒடச்சிக்கிட்டு இருக்கேன்." சீட்டைத் தட்டினார். "அந்த நோட்டு நீங்கதானா?"

முந்தின நாள் எடுத்த இரண்டு செட்டும் யாருக்காக என்று நான் கேட்கவில்லை. கூடப் பயிற்சி எடுத்த இரண்டு பேருக்கு நண்பன் கொடுத்திருக்கிறான். என் பொய்க்கு நானே நகல் போட்டு, ஸ்டேப்ளரும் அடித்திருக்கிறேன்.

"மேடம், தப்பு என் மேலதான். நாங்க சும்மா டீக்கடையில வெளயாடறது. கேட்டவன் சொல்றதுதான் பதிலு, யாரும் தேடிப் பாக்கக் கூடாதுன்னு ஒரு ரூலு. அவன் அத நம்பி எழுதிகினான். அவனுக்கு ஒண்ணும் தெரியாது. இந்தச் சீட்டும் அவன் கேட்டு வந்ததில்ல."

"சரி."

"அவன்கிட்ட இத மட்டும் சொல்லிடுங்க மேடம்."

"நான் சொல்ல மாட்டேன். கேட்பேன்."

"எத மேடம்?"

"இந்த மூணையும். அவர் கைடாகப் போறாரு. ஊர்ல ஆளாளுக்கு ஒரு கதை சொல்லுவாங்க. இன்னைக்கு நீங்க சொன்னீங்க, நாளைக்கு வேற ஒருத்தர். அதை வச்சிக்கிட்டு அவர் என்ன பண்றாருன்னு எனக்குத் தெரியணும்." சீட்டை மடித்துக் கையிலேயே வைத்துக்கொண்டார். "நீங்க அந்த மரத்தடியில உட்காருங்க. எழுந்திருக்காதீங்க."

நான் வராமல் கடையிலேயே இருந்திருந்தால், எலியோடு போயிருக்கும். யானைக் காதையும் இலுப்பை எண்ணெயையும் யாரும் கேட்டிருக்கவே மாட்டார்கள். மூன்று கேள்வியையும் என் கையாலேயே எழுதி, வரிசை மாறாமல் தேர்வாளர் கையில் கொடுத்திருக்கிறேன்.

பதினொன்று என்று உள்ளே யாரோ கூப்பிட்டது கேட்டது. ஜன்னல் வழியாக அவன் எழுந்து போவது தெரிந்தது. இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. ஓரப் பார்வை இல்லாததால் கதவு நிலையில் தோள் இடித்துக்கொண்டு, அதைச் சமாளித்து, நிமிர்ந்து நடந்தான். கையில் அந்த நோட்டு.

காவல்கார அம்மா ஒரு பாட்டில் தண்ணீரை நீட்டினார். "மூஞ்சிய கழுவு. பாக்க சகிக்கல." கழுவினேன். பாதி சட்டையில் போனது.

இருபத்தைந்து நிமிடம். அவனுக்கு முன்னால் போனவர்கள் எல்லோரும் பத்து நிமிடத்தில் வந்தார்கள் என்று அந்த அம்மா சொன்னார். ஆறுதலுக்காகச் சொன்னாரா, பயமுறுத்தச் சொன்னாரா தெரியவில்லை. எண்ணுவதற்கு ஒன்றும் இல்லாமல் உளிச் சத்தத்தை எண்ணிக்கொண்டிருந்தேன். அதிலும் எட்டுக்கு அடுத்து ஒன்பதை விட்டுவிட்டுப் பத்துக்குத் தாவினேன்.

அவன் வெளியே வந்தான். என்னைப் பார்த்தான். ஆச்சரியப்படவில்லை. நேராக என்னைக் கடந்து, கேட்டைத் தாண்டிப் போனான். நானும் பின்னாலேயே போனேன். கடற்கரைக்குப் போகும் வழியில் ஒரு சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்தான். எவ்வளவு தள்ளி உட்காருவது என்று தெரியாமல் நான் ஓரத்தில் உட்கார்ந்தேன்.

"மொதல்ல எலிய கேட்டாங்க" என்றான். "ஒம்போதுன்னு சொல்லிட்டேன். எனக்கு ஒரே குஷி. கட்டாயம் சொல்லணும்னு நெனச்சிகினு போனது தானா வந்துட்ச்சுன்னு."

"மச்சான்..."

"இரு. அடுத்து யான காது. எடது காது, மூணு வெரலுன்னு வாய தொறந்தேன். அப்பதான் தோணிச்சு. யான காத வெரல் வெச்சி அளக்கணும்னு உலகத்துல எவன்டா கேப்பான், உன்னத் தவிர? எலியும் உன் கேள்வி, யானையும் உன் கேள்வி. அந்தம்மா கையில பாத்தா உன் கட பில்லு. கட பேரு தெரியுது."

கடைப் பெயர் அச்சடித்த பில் புத்தகம். அதுவும் என் மிஷினில் போட்டதுதான்.

"இன்னா சொன்ன?"

"தெரியலன்னேன். எலியும் தெரியல, முன்ன சொன்னது கேள்விப்பட்டது, நான் எண்ணிப் பாக்கல, வாபஸ் வாங்கிக்கிறேன்னேன். யான காதும் தெரியல, அளந்து பாத்ததில்ல. வெளக்கு இன்னா எண்ணன்னும் தெரியல. மூணு வாட்டி தெரியல, தெரியல, தெரியலன்னேன் மச்சான். நாப்பத்தொம்போது வயசுல. நாலு பேரு முன்னாடி." அவன் கடல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான். "தெரியலன்னா டூரிஸ்டுகிட்ட இன்னா சொல்லுவேன்னு கேட்டாங்க. தெரியலன்னுதான் சொல்லுவேன், கிட்ட கூட்டிகினு போயி சேந்து பாப்போம்பேன்னேன். அப்புறம் ஒரு மணி நேரம் மாதிரி என்னென்னமோ கேட்டாங்க. வெயில்ல ஒருத்தன் மயங்கி வுழுந்தா இன்னா பண்ணுவ, கொழந்த காணாமப் போனா இன்னா பண்ணுவ. அதெல்லாம் வேன்ல தெனம் பாத்ததுதான். சொன்னேன்."

"பாஸா?"

"சொல்லல."

அட்டை வந்துவிட்டது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் அது மூன்று வாரம் கழித்து. அந்தப் பெஞ்சில் இருந்த எங்கள் இரண்டு பேருக்கும் அது தெரியாது. தெரியாமல்தான் உட்கார்ந்திருந்தோம்.

அவன் நோட்டை என் மடியில் வைத்தான். சட்டைப் பையிலிருந்து சிவப்பு ரீஃபில் பேனாவை எடுத்துக் கொடுத்தான்.

"நீ வுட்டத எல்லாம் அடி."

முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்தேன். நாரைக்கு ஒரு கோடு. முட்டைக்கு ஒரு கோடு. ஒவ்வொரு கோட்டுக்கும் அவன் ஏதாவது திட்டுவான் என்று காத்திருந்தேன். பள்ளிக்கூடக் காலத்திலிருந்தே நாங்கள் திட்டிக்கொண்டுதான் பேசுகிறோம். அவன் பக்கத்தைத் திருப்புவதற்கு மட்டும் விரலை நீட்டினான். ஏழு, எட்டு என்று கோடு போய்க்கொண்டே இருந்தது. ஓரத்தில் "ஜெராக்ஸ் மச்சான்" என்று எழுதியிருந்த இடங்களில் பாதிக்கு மேல் சிவந்துவிட்டது. இவ்வளவு விட்டிருக்கிறேனா? சிரிப்பு வர வேண்டிய இடம். வரவில்லை.

ஒரு பக்கத்தில் நின்றேன். ஆமை முட்டையிட எத்தனை வருடம் கழித்துப் பிறந்த கரைக்கே திரும்பும் என்று ஒரு கேள்வி. பதில் எழுதியிருந்தது.

"இது?" என்றான்.

யோசித்தேன். எங்கேயோ படித்த மாதிரியும் இருந்தது, டீ ஆறுவதற்குள் சொல்லிவிட்ட மாதிரியும் இருந்தது.

"எனக்கே தெரியல மச்சான்."

"அப்ப அதையே பக்கத்துல எழுது."

எழுதினேன். அதற்குப் பிறகு அந்த மாதிரி நான்கு வந்தது. நான்கிலும் எழுதினேன்.

நோட்டை வாங்கி மூடினான். எதிர்ப் பக்கத்து டீக்கடையைக் கண்ணால் காட்டினான். அங்கே பெஞ்சில் இரண்டு பேர், ஸ்டேப்ளர் அடித்த நகல்களை மடியில் வைத்துக்கொண்டு, போண்டா சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"நாலாம் நம்பரு, ஏழாம் நம்பரு. எலிய யாருக்கும் மார்க்குல சேக்க மாட்டேன்னு அந்தம்மா சொல்லிட்டாங்க. ஆனா இவங்க ரெண்டு பேருக்கும் அது பொய்யின்னு இன்னும் தெரியாது. நாளைக்கு எங்கனா போயி இதையே சொல்லிகினு இருப்பாங்க. போ."

"நீயும் வாயேன்."

"நான் ஏன் வரணும்?"

சாலையைக் கடந்தேன். நான் யார் என்று தெரிந்ததும் ஏழாம் நம்பர் தள்ளி இடம் விட்டார். "ஜெராக்ஸ் மச்சான்னு போட்டுகீதே, அது நீங்கதானாண்ணா? நோட்டு சூப்பருண்ணா. எலி மேட்டர சொன்னதும் மேடம் அப்படியே அசந்துட்டாங்க." எனக்கும் ஒரு டீ சொன்னார். நாலாம் நம்பர் போண்டாவை நீட்டினார்.

நான் போண்டாவை வாங்கவில்லை. உட்கார்ந்து, இரண்டு பேருடைய நகலையும் கேட்டு வாங்கி, முதல் பக்கத்தைத் திருப்பினேன்.

"நாரையில இருந்து ஆரம்பிக்கலாமா?" என்றேன்.